பதினாலு போட் வித்துட்டேன் சார், வேலைய விட்றலாமா?

கேள்வி: சார் வணக்கம். வயசு 33, கடலூர் சிப்காட்ல மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், ஷிப்ட் வேலை, கைக்கு 24,000 வருது. வீடு தேவனாம்பட்டினம் பக்கம். அப்பா ஃபைபர் போட் பட்டறைல இருந்தவர், அதனால மேட், ரெசின் எல்லாம் சின்ன வயசுலயே பழக்கம். ஒன்பது வருஷமா ரிமோட்ல ஓடுற சின்ன மாடல் போட் செய்றேன், ஒவ்வொண்ணும் வேற வேற டிசைன். மூணு வருஷத்துல 14 போட் வித்திருக்கேன், அதுல ஆறு பாண்டிக்கு. கடைசியா ஒரு ரேஸ் போட், 2,000 கே.வி. மோட்டர், மூணு செல் பேட்டரி, சாமான் 12,500 ஆச்சு, 14,000க்கு குடுத்தேன், 34 மணி நேரம் வேலை. வாங்குனவர் ரெண்டு மாசம் கழிச்சு பேட்டரி உப்பிடுச்சு, காசைத் திருப்பிக் குடுன்றார். ஃப்ரெண்ட்ஸ் வேலைய விட்டுட்டு இதையே பண்ணுன்றாங்க. அஞ்சு லட்சம் லோன் போடலாமா? பாண்டில மச்சான் வீட்டு அட்ரஸ்ல ஆரம்பிச்சா வரி கம்மியாமே, நிஜமா? ஜி.எஸ்.டி. வேணுமா? இப்ப பின்ரூம்லதான் வேலை, துணி மாஸ்க் கட்டிக்கிட்டு பண்றேன், ஆனாலும் ரெசின் நாத்தம்னு வீட்ல தினம் சண்டை, பாப்பாக்கு ரெண்டு வயசு.

பதில்:

தம்பி, நீங்க கேட்ட வரிசைல நான் பதில் சொல்லப் போறதில்ல. கடைசில போற போக்குல பின்ரூம், ரெசின், ரெண்டு வயசு பாப்பான்னு எழுதிட்டீங்க பாருங்க, அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். நான் கணக்கு பாக்குறவன்தான், ஆனா கடலூர் முதுநகர்லயும் பாண்டி தேங்காய்த்திட்டுலயும் ஃபைபர் பட்டறைங்களுக்கு வருஷக்கணக்கா கணக்கு எழுதியிருக்கேன், அங்க ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தா சட்டைல ஒட்டுன வாடை ராத்திரி சோறு சாப்பிடும்போது கூட மூக்குல நிக்கும். அது ரெசின்ல இருந்து வர்ற ஸ்டைரீன் ஆவி. துணி மாஸ்க் தூசியத்தான் தடுக்கும், ஆவி நேரா உள்ள போயிடும், அதுக்கு கார்பன் கேட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் தனியா விக்குது, அதை நீங்க போட்டுக்கலாம், பாப்பாக்கு யாரு போடுறது? ரெசின இறுக வைக்கச் சேக்குற கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியா கலந்தா தீப்பிடிக்கும்னு பட்டறைக்காரர் புள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கிண்டின அப்புறம்தான் கேட்டலிஸ்ட்னு உங்க அப்பா உங்களுக்கு எப்பவோ சொல்லிக் குடுத்திருப்பார். ஆனா அந்தச் சின்ன பாட்டில் எந்த உயரத்துல இருக்குன்னு ஒரு தடவை போய்ப் பாருங்க, கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. அதனால முதல் செலவு மோட்டரும் கிடையாது மெஷினும் கிடையாது, இடம். அப்பா வேலை பாத்த பட்டறைல ஓரமா எட்டுக்குப் பத்து இடம் கேளுங்க, மாசம் ரெண்டாயிரம் கேட்டாலும் குடுங்க, தர மாட்டேன்னா எங்கயாவது காத்தோட்டமா ஒரு தகர ஷெட் பாருங்க. அதுவரைக்கும் ரெசின் வேலைய நிறுத்துங்க. வீட்ல நடக்குற சண்டைல நான் உங்க வீட்டம்மா கட்சி.

இப்ப காசுக்கு வருவோம். ஒரு விஷயத்துக்கு உங்களைப் பாராட்டணும், 34 மணி நேரம்னு குறிச்சு வச்சிருக்கீங்க, எங்கிட்ட வர்ற முக்கால்வாசிப் பேர் சாமான் கணக்கு வச்சிருப்பாங்க, மணிக்கணக்கு வச்சிருக்க மாட்டாங்க. குறிச்சீங்க சரி, அதை வகுத்துப் பாத்தீங்களா? 14,000ல 12,500 போனா மிச்சம் 1,500, அதை 34ஆல வகுத்தா மணிக்கு 44 ரூபா. அதுலயும் டெஸ்ட் பண்ணும்போது ஒடஞ்ச ப்ரொபெல்லர், கரெண்டு, பாண்டிக்கு ரெண்டு நடை போன பெட்ரோல் எதுவும் இல்ல. எல்லாம் சேத்து ஒரு 700 போட்டா கூட மணிக்கு 24 ரூபாகிட்ட வந்து நிக்கும். நீங்க போட் வித்ததா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, எனக்குப் பாத்தா 14 பேருக்கு மொய் எழுதுன மாதிரி இருக்கு.

சரியான விலை எவ்வளவுன்னு போட்டுப் பாப்போமா. உங்க கைக்கு மணிக்கு 150 ரூபா வச்சுக்குவோம், ஃபிட்டருக்கு அது ஒண்ணும் அதிகம் இல்ல. 34 மணிக்கு 5,100. சாமான் 12,500. ஷெட் வாடகை, கரெண்டு, அலைச்சலுக்கு 1,200. பின்னாடி ரிப்பேர்னு திரும்பி வந்தா பாக்குறதுக்கு ஒரு 900 ஒதுக்குங்க. கூட்டுனா 19,700, அதுமேல 15 சதவீதம் லாபம் வச்சா 22,600க்கு மேல போகுது. இந்த விலைக்கு உங்ககிட்ட யாரு வாங்குவா, மூணு வருஷத்துல வாங்குன 14 பேர்ல எத்தன பேர் அப்பவும் வாங்கியிருப்பாங்க? ரெண்டு பேர் தேறுவாங்கன்னு நினைக்கிறேன்.

விலைய ஏத்த முடியலன்னா மணியக் குறைக்கணும். ஒரு டிசைன் மட்டும் எடுத்து, பேட்டர்ன நல்லா தேச்சு மோல்டு போட்டு, அதுல பத்து பாடி ஒரே மூச்சுல இறக்கி, மோட்டர் மவுண்ட்டுக்கு அளவு மாறாம பிடிச்சுக்குற ஒரு ஜிக், ஷாஃப்ட் ட்யூப் கோணத்துக்கு ஒரு ஜிக், ரடர், அதாவது சுக்கான், ஓட்டை போட ஒரு டெம்ப்ளேட்னு பண்ணிட்டா 34 மணி 14க்கு வந்துடும்னு வைங்க, ஃபிட்டருக்கு ஜிக் போடுறது நான் சொல்லியா தரணும். சாமானும் பத்து செட்டா வாங்குனா 11,500க்கு இறங்கலாம். அப்ப 11,500, கூலி 2,100, மத்த 1,200, ரிப்பேருக்கு 900, ஆக 15,700. லாபத்தோட 18,000. இது பேச வேண்டிய விலை. கடையில விக்கிற வெளிநாட்டு போட் ஒண்ணும் சும்மா வந்துடல, பொம்மைக்கு இறக்குமதி வரி 2020 பட்ஜெட்ல 20ல இருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023ல 70 ஆச்சு, அதனால உள்ளூர்ல செய்றவனுக்கு கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு.

ஆனா இங்கதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், யோசிச்சு பதில் சொல்லுங்க, எனக்கு எழுத வேணாம், உங்களுக்கே சொல்லிக்குங்க. ஒன்பது வருஷமா ஒவ்வொண்ணும் வேற வேற டிசைன்னு பெருமையா எழுதியிருக்கீங்க. ஒரே போட்ட, அதே நீளம், அதே ஓட்டை, அதே ரடர், பத்து தடவை செய்ய உங்களுக்குப் பிடிக்குமா? பதினோராவதும்? எனக்கு ஒரு காலத்துல மீன் வளக்குற கிறுக்கு இருந்துச்சு, ஃபைட்டர் மீன். ஊரெல்லாம் கேக்குறாங்கன்னு மொட்டை மாடில அறுபது தொட்டி வச்சு விக்க ஆரம்பிச்சேன். தினம் காலைல அறுபது தொட்டிக்கு தண்ணி மாத்தணும், நல்லா ஓடுற கலரத்தான் வளக்கணும், எனக்குப் பிடிச்ச கலருக்கு ஆளே இல்ல. ஒரு வருஷம் தாங்கல. காசு நஷ்டம் பெரிசில்ல, அதுக்கப்புறம் மீன் தொட்டியப் பாத்தாலே அலுப்பு, இன்னிக்கு வரைக்கும் வீட்ல ஒரு தொட்டி கிடையாது. அதனாலதான் லோன், ஜி.எஸ்.டி. எல்லாத்துக்கும் முன்னாடி இதைக் கேக்குறேன். வேலைல இருந்துக்கிட்டே ஒரே மாதிரி நாலு போட் செய்ங்க, மணி குறிச்சுக்கிட்டே வாங்க, நாலாவது போட் செய்றப்போ உங்களுக்கு என்ன தோணுதுன்னு பாருங்க. போர் அடிச்சா தப்பே இல்ல, அது ஹாபியாவே இருக்கட்டும், யாராவது கேட்டா சாமான் காசு வாங்கிட்டு செஞ்சு குடுங்க, நிம்மதியா தூங்கலாம்.

லோன் கதைய சீக்கிரம் முடிச்சிடுறேன். அஞ்சு லட்சம், 12 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசத் தவணை 11,122 ரூபா. மேல போட்ட கணக்குல ஒரு போட்டுக்கு லாபம் 2,300 சொச்சம், அப்போ தவணைக்கு மட்டுமே மாசம் அஞ்சு போட் போகணும். நீங்க 36 மாசத்துல வித்தது 14. இதுக்கு மேல நான் என்ன சொல்ல. மோல்டும் ஜிக்கும் போட முப்பதாயிரம் நாப்பதாயிரத்துக்குள்ள முடியும், அதை சம்பளத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, ஆர்டர் எடுத்தா பாதி காசு அட்வான்ஸ் வாங்குங்க, அட்வான்ஸ் குடுக்க யோசிக்கிறவர் போட் முடிஞ்சதும் ஃபோன் எடுக்க மாட்டார். வேலையும் அப்படித்தான், மாசம் 24,000ம் பி.எஃப்.பும் வர்றத விட்டுட்டு வர்ற அளவுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கல. தொடர்ந்து ஒரு வருஷம் போட்ல இருந்து வர்ற மிச்சம், கூலியும் லாபமும் சேத்து, சம்பளத்தைத் தாண்டட்டும், அப்ப பேசலாம். இன்னொண்ணு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர எடுத்து படிச்சுப் பாருங்க, வெளில தொழில் பண்ணக் கூடாதுன்னு ஒரு வரி சில கம்பெனில இருக்கும்.

பாண்டில வரி கம்மின்னு சொன்ன ஆள் யாருன்னு தெரியல, பாட்டில் விலையையும் பெட்ரோல் விலையையும் வச்சு சொல்லியிருப்பார். ஜி.எஸ்.டி. ரேட் எல்லைல இருக்குற முள்ளோடைக்கு இந்தாண்டயும் ஒண்ணுதான் அந்தாண்டயும் ஒண்ணுதான். சொல்லப்போனா பாண்டில கொஞ்சம் கஷ்டம், சரக்கு விக்கிறவருக்கு தமிழ்நாட்ல வருஷம் 40 லட்சம் டர்ன்ஓவர் வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல, புதுச்சேரில அந்த வரம்பு 20 லட்சம்தான். அதனால மச்சான நிம்மதியா விடுங்க.

ஆனா உங்களுக்கு 40 லட்சம் வரம்பும் உதவாது, இதை கடலூர்ல தொழில் பண்ற முக்காவாசிப் பேர் கவனிக்கிறதில்ல. வேற மாநிலத்துக்கு சரக்கு வித்தா முதல் ரூபால இருந்தே ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், டர்ன்ஓவர் எவ்வளவுன்னு பேச்சே கிடையாது. பாண்டி நமக்கு பஸ் ஏறி இறங்குற தூரம், பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குறோம், காலைல போய் மத்தியானம் திரும்புறோம், ஆனா சட்டத்துக்கு அது வெளிமாநிலம் மாதிரிதான். நூத்தி எம்பது கிலோமீட்டர் தாண்டி மெட்ராஸுக்கு போட் அனுப்புனா உள்ளுக்குள்ள வித்தது, இருவது சொச்சம் கிலோமீட்டர்ல பாண்டிக்கு அனுப்புனா வெளில வித்தது. அவரே வந்து வாங்கிட்டுப் போனா என்னன்னு கேப்பீங்க, 2023 அக்டோபர்ல இருந்து ரிஜிஸ்டர் ஆகாத கஸ்டமருக்குப் போடுற பில்லுல அவரோட பாண்டி அட்ரஸ் இருந்தா சப்ளை நடந்த இடம் பாண்டிதான். பதினாலுல ஆறு பாண்டின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. போனது போச்சு, இனிமே தொழிலாப் பண்றதுன்னா ஒண்ணு ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, இல்ல முதல் வருஷம் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்கிறேன்னு உறுதியா இருங்க. சின்ன வியாபாரிங்களுக்கான கம்போசிஷன் திட்டத்துல சேந்து ஒரு சதவீதம் கட்டலாம்னு யாராவது சொல்வாங்க, அதுல சேந்தாலும் வெளிமாநிலத்துக்கு விக்க முடியாது. உத்யம்ன்ற சிறுதொழில் பதிவு வேற, அது இலவசம், ஆதாரும் பேனும் வச்சு நீங்களே ஆன்லைன்ல போடலாம், அதுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்குற ஆள்கிட்ட போகாதீங்க.

அடுத்தது நீங்க கேக்கவே இல்ல, ஆனா இதுதான் பெரிய குழி. பொம்மை தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020ல வந்துச்சு, 2021 ஜனவரி 1ல இருந்து அமல். 14 வயசுக்குக் கீழ உள்ள பசங்க விளையாடுறதுக்குன்னு எதை செஞ்சு வித்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேணும், கரெண்டுல ஓடுற பொம்மைக்கு ஐ.எஸ். 15644ன்னு தனி தரமே இருக்கு. அதுக்கு லைசென்ஸ், டெஸ்டிங்னு போனா உங்க மாதிரி ஒத்த ஆளுக்கு கட்டுப்படியாகாது. அதனால வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "குழந்தைகளுக்கான சூப்பர் பர்த்டே கிஃப்ட்"னு எழுதுற பழக்கம் இருந்தா இன்னையோட விடுங்க. பெரியவங்களுக்கான மாடல், 14 வயசுக்கு மேலன்னு பில்லுலயும் டப்பாலயும் இருக்கட்டும். எழுதுறதோட நிக்காம அப்படியே நடக்கவும் வேணும், ஏழு வயசுப் பையனுக்குன்னு கேட்டு வந்தா இது அதுக்கில்லன்னு சொல்லி அனுப்புங்க. சட்டத்துக்காக மட்டும் சொல்லல. உங்க ரேஸ் போட்டுல 2,000 கே.வி. மோட்டரும் மூணு செல் பேட்டரியும்னு சொல்லியிருக்கீங்க, கே.வி.ன்னா ஒரு வோல்ட்டுக்கு எத்தன சுத்துன்னு கணக்கு, 11.1 வோல்ட்டால பெருக்குனா லோடு இல்லாம நிமிஷத்துக்கு 22,000 சுத்து, அந்த ப்ரொபெல்லர்ல ஒரு சின்ன விரல் மாட்டுனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல பொருள செஞ்சவன் பொறுப்புன்னு ஒரு தனி அத்தியாயமே இருக்கு, வீட்ல செஞ்சேன் சார்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

ரேடியோ பக்கம் பெரிய தலைவலி இல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் இந்தியால 2005ல இருந்தே லைசென்ஸ் இல்லாம பயன்படுத்துற அலைவரிசை, பவர் வரம்புக்குள்ள இருந்தா போதும். ரிமோட்ட நீங்களா அசெம்பிள் பண்ணாதீங்க, வெளிநாட்டு சைட்ல நேரா வரவழைக்கவும் வேணாம், அப்ரூவல் இல்லாத செட்டுன்னா கஸ்டம்ஸ்ல மாட்டிக்கும். இங்க பில்லோட விக்கிற செட்ட வாங்குங்க, பில்ல பத்திரமா வைங்க. சிக்னல் போச்சுன்னா த்ராட்டில் ஜீரோவுக்கு வர்ற மாதிரி ஃபெயில்சேஃப் செட் பண்ணி, கஸ்டமர் கண்ணு முன்னாடியே ரிமோட்ட ஆஃப் பண்ணிக் காட்டிட்டுக் குடுங்க. டெஸ்ட்டுக்கு ஊசுட்டேரி பக்கம் போகாதீங்க, அது பறவைகள் சரணாலயம்.

சரி, இப்ப என்ன விக்கிறது. உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன், ரேஸ் போட் உங்களுக்கு சரிப்பட்டு வராதுன்னுதான் எனக்குத் தோணுது. ஸ்பீடு பாத்து வாங்குற ஆள் நெட்ல விலை பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வருவார், வாங்குன ரெண்டாவது நாளே கரையில இடிப்பார். நீங்க இருக்குற இடத்தப் பாருங்க. முதுநகர் துறைமுகத்துல நிக்கிற விசைப்படகு ஒவ்வொண்ணுக்கும் ஓனர் இருக்கார், லட்சக்கணக்குல போட்டு கட்டுன போட், பேரு, கலரு, கேபின்ல எழுதுன சாமி பேரு, முன்னாடி வரைஞ்ச படம்னு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. அவர் போட்டையே மூணடி நீளத்துல, அதே கலர்ல, அதே பேரோட செஞ்சு, தண்ணில மெதுவா ஓடுற மாதிரி குடுத்தா அவர் எந்தக் கடையோட விலைய ஒப்பிட முடியும்? புது போட் வெள்ளோட்டத்துக்கு ஓனரோட மச்சான் பரிசா குடுப்பார். பாண்டி பீச் பக்கம் இருக்குற சாப்பாட்டுக் கடைக்காரங்க மோட்டரே இல்லாம ஷோவுக்கு வாங்குவாங்க, இது அதைவிட சுலபம், ஆனா பாண்டின்னா பில் விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

இதுல இன்னொரு வசதி இருக்கு. 60 அடி போட்ட இருபதுல ஒரு பங்கா செஞ்சா சரியா மூணடி. எடை மூணு தடவை இருபதால வகுபடும், அதாவது எட்டாயிரத்துல ஒரு பங்கு, 40 டன் போட்டுன்னா மாடல் அஞ்சு கிலோ. அவ்வளவு எடைய எப்படியும் அடியில வச்சுத்தான் ஆகணும், இல்லன்னா மேல தூக்கிக்கிட்டு ஆடும். அந்த எடைக்கு யு.பி.எஸ்.ல வர்ற மாதிரி சீல்டு லெட் ஆசிட் பேட்டரியே போதும், கனத்துக்கு கனமும் ஆச்சு, கரெண்டும் ஆச்சு. லித்தியம் பேட்டரி தொல்லை போச்சு, பிரஷ்லெஸ் மோட்டர், வாட்டர் கூலிங், ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் எல்லாம் போச்சு, சாமான் செலவும் கணிசமா இறங்கும். நான் கேட்ட பத்து தடவை கேள்விக்கும் இதுல வழி இருக்கு, மோல்டு ஒண்ணு, பாடி ஒண்ணு, ஜிக் ஒண்ணு, மேல கேபினும் பெயிண்ட்டும் பேரும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு செஞ்ச திருப்தியும் கிடைக்கும், கணக்குல ஒரே பொருளாவும் நிக்கும். கேபின் வேலைக்கு மணி நிறைய இழுக்கும், அதைத் தனியா குறிச்சு வைங்க, விலை அதுலதான் தப்பும்.

நேரமும் பாத்துப் பண்ணுங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் போட்டுங்க கரையில, பாதிப் போட்டு ரிப்பேருக்கும் பெயிண்ட்டுக்கும் மேல ஏத்தி நிக்கும். அளவு எடுக்க, அடிப்பக்கம் ஃபோட்டோ எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது, கடல்ல மிதக்குறப்போ கீழ எப்படி இருக்குன்னு நீங்க எங்க பாக்கப் போறீங்க. ஆனா அப்ப போய் ஆர்டர் கேக்காதீங்க, வருமானம் நின்னு ரிப்பேருக்கு காசு இறைச்சுக்கிட்டு இருக்குற மனுஷன்கிட்ட ஷோகேஸ் போட்ட காட்டுனா என்ன சொல்வார். அளவெடுத்து ஒரு சாம்பிள் செஞ்சு வைங்க, போட்டுங்க கடலுக்குப் போய் நாலு நல்ல பாடு கிடைச்ச அப்புறம் காட்டுங்க. மாசி மகத்தன்னிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைல கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா, ஒரு பெரிய தொட்டில தண்ணி ஊத்தி ரெண்டு போட்ட ஓட விட்டீங்கன்னா போதும், நோட்டீஸ் அடிக்க வேணாம். ஐப்பசி கார்த்திகை மழைல மட்டும் ரெசின் வேலை வச்சுக்காதீங்க, ஈரத்துல மேல்பூச்சு ஜெல்கோட் பண்ற சேட்டை பட்டறைல கேட்டா சொல்வாங்க, அந்த ரெண்டு மாசம் கேபின், பெயிண்டிங், வயரிங்னு உக்காந்த இடத்துல பாருங்க. சித்திரை வெயில்ல இன்னொரு பக்கம், ரெசின் கையிலயே இறுகிடும், கேட்டலிஸ்ட்ட ஒரு சதவீதத்துக்கிட்ட கொண்டு வரணும்.

கூடவே சின்னச் சின்னதா வேற வருமானம் இருக்கு. இஞ்சினியரிங் காலேஜ் பசங்க கடைசி செமஸ்டர்ல தண்ணி தரம் பாக்குற போட், குப்பை அள்ளுற போட்னு ப்ராஜெக்ட் எடுப்பாங்க, எலக்ட்ரானிக்ஸ் அவங்களுக்குத் தெரியும், தண்ணி புகாத பாடி செய்யத் தெரியாது, தெர்மகோல்ல செஞ்சு முழுகடிச்சிட்டு நிப்பாங்க. பாடியும் ஷாஃப்ட் சீலிங்கும் செஞ்சு குடுங்க, நல்ல காசு, மோட்டர் வாரண்டின்னு தலைவலி கிடையாது. முழு ப்ராஜெக்ட்டையும் செஞ்சு தாங்கண்ணானு கேப்பாங்க, அது வேணாம், படிக்க வந்தவன் அவன்.

இறால் பண்ணைக்கு தீவனம் போடுற போட் செய்யலாமான்னு உங்களுக்கு இந்நேரம் தோணியிருக்கும், பரங்கிப்பேட்டை பக்கம் போனவங்க எல்லாருக்கும் தோணும். ஐடியா நல்லாத்தான் இருக்கு, பெரிய காசும் இருக்கு. ஆனா இப்ப தொடாதீங்க. அது தினம் மூணு நாலு வேளை உப்புத் தண்ணில ஓடணும், தண்ணில காத்து கலக்குற ஏரேட்டர் கயித்துல சிக்கக் கூடாது, ஒரு வேளை நின்னு போச்சுன்னா பண்ணைக்காரர் காலைல அஞ்சு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல நிப்பார், நீங்க நைட் ஷிப்ட்ல இருப்பீங்க. தெரிஞ்ச பண்ணை ஒண்ணு இருந்தா காசு வாங்காம ஒரு போட்ட ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பாருங்க, எது துருப்பிடிக்குது எது ஒடையுதுன்னு நோட்டுல எழுதுங்க. விக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.

கடைசியா அந்தப் பாண்டிக்காரர். ரேஸ் போட்டு இன்னும் ரெண்டு மூணு விப்பீங்க, அதனால இதைப் புரிஞ்சுக்குங்க. என் பையன் ட்ரோன் ஓட்டுறவன், அவன்கிட்ட கேட்டேன், கேட்டதும் சொன்னான், அவர் ஓட்டி முடிச்சதும் பேட்டரி கனெக்டர கழட்டாம போட்டுக்குள்ளயே விட்டிருப்பார்னு. சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் மோட்டர் ஸ்பீட கட்டுப்படுத்துற ஈ.எஸ்.சி. கொஞ்சம் கொஞ்சமா கரெண்ட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்குமாம், செல் மூணு வோல்ட்டுக்குக் கீழ போனா பேட்டரி கெட்டுச்சு, அதைத் திரும்ப சார்ஜ் போட்டா உப்பும். இல்லன்னா ஃபுல் சார்ஜ்லயே ரெண்டு மாசம் வச்சிருப்பார், செல்லுக்கு 3.8 வோல்ட்ல வச்சிருக்கணும். தப்பு அவர் பேர்லதான், ஆனா இதெல்லாம் நீங்க அவருக்குச் சொன்னீங்களா, எழுதிக் குடுத்தீங்களா? இல்லன்னு உங்க லெட்டர்லயே தெரியுது. அதனால முழுக் காசையும் திருப்பிக் குடுக்க வேணாம், கைய விரிக்கவும் வேணாம். முதல்ல ஃபோன் பண்ணி அந்த உப்புன பேட்டரிய குத்தவோ திரும்ப சார்ஜ் போடவோ கூடாது, வீட்டுக்கு வெளில ஒரு மண் சட்டில போட்டு வைங்கன்னு சொல்லுங்க, அதுதான் அவசரம். புது பேட்டரி 1,600ன்னா பாதி நீங்க போடுங்க பாதி அவர் போடட்டும், நேர்ல போய் மாட்டிக் குடுத்துட்டு எப்படி சார்ஜ் போடணும், எப்படி கழட்டி வைக்கணும்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி, அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. பேட்டரிக்கு வாரண்டி கிடையாதுன்றது அதுலயே ஒரு வரியா இருக்கட்டும். அந்தப் பேப்பர பத்து ஜெராக்ஸ் போட்டு வைங்க, அடுத்த போட்டோட தேவைப்படும்.